பூஜையன்று ஓய்வெடுத்த சர்வர்

எங்கள் பனியன் கம்பெனியில் கரண்டில் ஓடுகிற எது கெட்டுப்போனாலும் என் தலையில்தான் விடியும். சேரும்போது கொடுத்த காகிதத்தில் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று போட்டிருந்தது. சர்வரையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். பிறகு பிரிண்டர் வந்து சேர்ந்தது. ஃபேக்ஸ், இன்டர்காம், வாசலில் கைரேகை வைக்கிற மிஷின் என்று ஒவ்வொன்றாக வந்தன. பெரிய முதலாளி வீட்டு டி.வி.யில் படம் தெரியவில்லை என்றாலும் “சிஸ்டம் அம்மிணியக் கூப்புடு” என்பார்கள். ஒருமுறை கேண்டீனில் கிரைண்டர் சுற்றவில்லை என்று ஆள் வந்தது. போய் வாய் நிறையத் திட்டிவிட்டு, ஒயரைச் சரியாகச் சொருகிவிட்டு வந்தேன்.

உங்களைப் போல இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. உங்கள் சர்வர் எங்கேயோ இருக்கிறது, நீங்கள் எங்கேயோ இருக்கிறீர்கள். எனக்கு அப்படியில்லை. என் மேஜைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுக்குள் அது உட்கார்ந்திருந்தது. அது உறுமுகிற சத்தத்தில் ஒரு மாற்றம் தெரிந்தால் சோற்றுக் கையோடு எழுந்து ஓடுவேன். டிபன் பாக்ஸைத் திறந்த சூட்டோடு சாப்பிட்ட நாட்கள் எனக்கு நினைவே இல்லை.

போன மாதம் உங்களில் ஒருத்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே, “மேடம், சிஸ்டம் மொத்தமா படுத்துக்கிச்சுன்னா மொதல்ல என்ன பண்ணணும்?” என்று கேட்டாள். கையில் பேனா வேறு. எழுதிக்கொள்ளத் தயாராக வந்திருந்தாள். அந்த நேரத்துக்கு ஏதோ சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகுதான் அந்தோணி நினைவுக்கு வந்தான். அவன் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் ஊர்க் கம்பெனிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். முந்தின நாளே நிட்டிங், கட்டிங், தையல் என்று எல்லாப் பகுதியிலும் மிஷின்களை நிறுத்திவிடுவார்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்த பஞ்சை ஊதித் தள்ளி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். பூஜை போட்ட மிஷினை மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அதுவும் உழைத்த உயிர்தான், ஒரு நாளாவது ஓய்வெடுக்கட்டும் என்று பெரிய முதலாளி சொல்வார். அவர் அதை ஊருக்காகச் சொல்பவர் அல்ல. மனதார நம்புகிறவர்.

சர்வர் மட்டும் இதற்கு விலக்கு. நான் சேர்ந்த முதல் வருஷமே பெரியவரிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி அது. வெளிநாட்டிலிருந்து வரும் மெயிலுக்கு ஆயுத பூஜை தெரியாது, ஓடுகிறதை நிறுத்தாமல் இருப்பதே இதற்கு மரியாதை என்றெல்லாம் அளந்தேன். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அதிலிருந்து பழைய எலெக்ட்ரீஷியன் ஒவ்வொரு பூஜைக்கும் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கிற சர்வரின் நெற்றியில் ஒரு பொட்டு மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவார். யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் சொல்கிற அந்த வருஷம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவன்தான் அந்தோணி.

அந்தோணிக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். மெலிந்த உடம்பு, எதற்கும் பதறுகிற கண். பெண்சாதி ஸ்டெல்லாவும் முதல் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தையும் பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் அவனோடு இருந்தார்கள். அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்திருக்கிறான். அங்கே ஏதோ மோட்டார் எரிந்துபோனதற்கு அவன்தான் காரணம் என்று, மழை நாளில் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டார்களாம். ஸ்டெல்லா ஒருநாள் என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை பெய்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அந்த வருஷ பூஜைக்கு நான் ஊரில் இல்லை. தாராபுரத்தில் என் மாமியார் வீட்டில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடு. ஒவ்வொரு வருஷமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கைவிரிப்பவள் நான். இந்த முறை வராவிட்டால் அந்த சர்வரையே கட்டிக்கொண்டு குடும்பம் நடத்து என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். போனேன். சுண்டல் சாப்பிட்டேன். மதியம் தூங்கினேன். செல்போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அடிக்காததைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அன்று சந்தோஷம்தான் வந்தது. உலகத்தில் எல்லோரும் ஒருநாள் என்னை மறந்துவிட்டார்கள் என்று.

மறுநாள் விஜயதசமி. காலையில் நல்ல நேரத்தில் மிஷின்களை ஓட்டித் தொடங்கிவைத்துவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு லாரி தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பெட்டிகள் எல்லாம் ஒட்டி அடுக்கியாகிவிட்டது. எந்தப் பெட்டியில் எந்த அளவு, எந்த நிறம் என்கிற விவரம் மட்டும் சர்வரிலிருந்து பிரிண்ட் எடுக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் லாரி போகாது. போகாவிட்டால் கப்பல் தவறிவிடும்.

அதிகாலை பஸ்ஸில் நேராகக் கம்பெனிக்கு வந்து இறங்கினேன். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் என் காது அடைத்துப் போனது போல இருந்தது. சத்தமே இல்லை. சர்வர் அணைந்திருந்தது. அதன் மேல் ஒரு சாமந்தி மாலை, நெற்றியில் மூன்று சந்தனக் கீற்று, நடுவில் குங்குமம். முன்னால் ஒரு இலையில் பொரி. சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. கடைசியாக அதன் சத்தம் நின்றது எப்போது என்று யோசித்தேன். வாங்கி வைத்த நாளுக்கு முன்னால்தான் இருக்கும்.

சுவிட்சைப் போட்டேன். விளக்கெல்லாம் எரிந்தது. காற்றாடி சுற்றியது. ஆனால் உள்ளே, விவரமெல்லாம் பதிந்திருக்கிற டிஸ்க் சுற்றுகிற சத்தம் மட்டும் வரவில்லை. மறுபடி போட்டேன். வரவில்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ முக்கி முக்கி நின்றுபோனது.

சிரிக்காதீர்கள், நகல் எடுத்து வைத்திருந்தேன். முந்தின ஞாயிறு வரைக்குமான எல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த லாரிக்கான பெட்டி விவரங்களைப் பூஜைக்கு முந்தின இரண்டு நாட்களில்தான் ஏற்றியிருந்தார்கள். அது போனால், ஒட்டிய பெட்டிகளை எல்லாம் கிழித்துப் பனியன்களை வெளியே எடுத்து முதலிலிருந்து எண்ண வேண்டும்.

சின்ன முதலாளி வந்தார். பெரியவரின் மகன். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சரக்கு வாங்குகிற அந்த வெளிநாட்டு பையரைப் பிடிக்க அவர் ஒரு வருஷமாக அலைந்தது எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடி சிவந்தது.

“யாரு மேடம் ஆஃப் பண்ணுனது?”

“தெரியலீங்க. மொதல்ல இத எழுப்பற வழியப் பாக்கறேன்.”

“எவன் ஆஃப் பண்ணுனானோ அவன் இன்னைக்கே ரூமக் காலி பண்ணிட்டுப் போயிரோணும். சொல்லிட்டேன்!”

சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பேக்கிங் ஷெட்டுக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற அறைக்கும் கேட்டிருக்கும். அவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பிப் பார்த்தால் கதவருகில் அந்தோணி நிற்கிறான். தோளில் துண்டு, கையில் இன்னும் சந்தனக் கறை.

“எக்கா, நாந்தான் அமத்துனேன்.”

ஏன் என்று நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

“எல்லா மிஷினுக்கும் எப்படிச் செய்யணும்னு ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சேன். ஒண்ணு விடாம அமத்தித் தொடச்சுப் பொட்டு வைக்கணும்னாவ. இத மட்டும் விட்டா, வேதக்காரன்லா, பூசையில கொற வச்சிட்டாம்னு சொல்லிருவாவளோன்னு பயந்து...” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சார்ட்ட நானே சொல்லிருதேன்க்கா. பிள்ளைய இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்துருக்கோம்.”

அவன் ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள். அவன் பயந்தது எனக்கு உடனே விளங்கிவிட்டது. உள்ளூர்க்காரன் ஒருவன் சோம்பலில் நாலு மிஷினை விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவன் ஒன்றை விட்டாலும் கேட்பார்கள் என்று நினைத்திருக்கிறான். அதனால் ஒன்றைக்கூட விடவில்லை.

சர்வரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். நம் ஊரில் மூச்சு விடுகிற எதிலும் பஞ்சு போய் அடைத்துக்கொள்ளும். அந்தப் பின்பக்க வலையில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். நேரம் கிடைக்கும்போது எடுக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தது அது. இப்போது ஒரு இழைகூட இல்லை. ஓட்டை ஓட்டையாகக் குச்சியில் துணி சுற்றித் துடைத்திருக்கிறான். எனக்குக் கோபம் வரத் தயாராகத்தான் இருந்தது. அதைப் பார்த்த பிறகு வரவில்லை.

“யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குக் கூட நின்னு வேல செய்யி” என்றேன்.

கோயம்புத்தூர் சர்வீஸ் இன்ஜினீயருக்குப் போன் போட்டேன். என்னைவிடச் சின்னவர், ஆனால் இந்த டிஸ்குகளின் குணம் தெரிந்தவர். அன்று அவர் மடத்துக்குளத்தில் மாமனார் வீட்டில் இருந்தார். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம்.

“அக்கா, அது வருஷக்கணக்கா நிக்காமச் சுத்திச் சூட்டுலயே இருந்து பழகிருச்சுங்க. இப்ப ஆறிப் போயி உள்ளுக்குள்ள தட்டு ஒட்டிக்கிச்சு. நான் பஸ்ஸப் புடிச்சு வர்றதுக்குள்ள உங்க லாரி போயிருமுங்க. டிஸ்க்கக் கழட்டி லேசா சூடு காட்டுங்க. லேசாத்தானுங்க. அப்புறம் கையில வெச்சுட்டு, கரண்ட் குடுக்கறப்ப வெடுக்குனு ஒரு திருகு திருகுங்க.”

“எந்திரிக்குமா தம்பி?”

“எந்திரிக்கலாமுங்க. எந்திரிச்சா அப்புறம் யாரு சொன்னாலும் நிறுத்தாதீங்க. மொதல்ல நகல் எடுங்க. பிரிண்ட் கிண்ட்டெல்லாம் அதுக்கப்புறம். நடுவுல மறுபடி நின்னுதுன்னா அவ்வளவுதானுங்க்கா.”

டிஸ்க்கைக் கழற்றினேன். உள்ளங்கை அகலம், சில்லென்று இருந்தது. கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியில் நாலைந்து சுற்றுச் சுற்றினேன். நல்ல நேரம் பிறந்து இஸ்திரி டேபிளைச் சூடேற்றியிருந்தார்கள். அதன் ஓரத்தில் வைத்தால் போதும். அதைக் கொண்டுபோய் வைக்க அந்தோணியிடம் நீட்டினேன்.

பேக்கிங் மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. “ஏனுங் மேடம், அவங்கிட்டயா குடுக்கறீங்க?” என்றார்.

“அவன் கையிலிருந்து கீழ விழாதுங்க” என்றேன்.

அந்தோணி அதை வாங்கி, பிறந்த குழந்தையைப் பிடிக்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான். கூடவே போனேன். டேபிள் ஓரத்தில் வைத்துவிட்டு, தன் புறங்கையைத் துணிக்கு அடியில் கொடுத்துச் சூடு பார்த்துக்கொண்டே நின்றான். கை பொறுக்காத சூடு வந்தால் எடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நான் சொல்லவில்லை. திருப்பித் திருப்பி வைத்தான். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் சொல்கிறான் என்று தெரிந்தது. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, எனக்கும் அந்த நேரத்தில் அது ஒரு துணையாகத்தான் இருந்தது.

மேலே வந்து ஒயர்களைச் சொருகி டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சுவிட்சைப் போட மூன்றாவது கை வேண்டும்.

“அந்தோணி, நான் சொல்றப்ப சுவிட்சப் போடு.”

அவன் பின்வாங்கினான். “வேண்டாம்க்கா. வேற யாரையாவது...”

“நீதான் அமத்துன. நீதான் போடோணும். வா கண்ணு.”

விரலைச் சுவிட்சில் வைத்தான். “போடு” என்றேன். போட்டான். நான் ஒரு திருகு திருகினேன். ஒன்றுமில்லை. மறுபடி அணைத்து, மறுபடி போட்டு, இந்த முறை பம்பரத்துக்குச் சாட்டை இழுக்கிற மாதிரி மணிக்கட்டை வெட்டினேன். கைக்குள் ஏதோ துள்ளியது. முதலில் ஒரு முனகல். அப்புறம் அது மெல்ல மெல்ல ஏறி, எனக்குப் பழகிய அந்த உறுமலாக ஆனது. என் உள்ளங்கை முழுக்க அதிர்ந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தோணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உறுமல் கேட்டதும் சின்ன முதலாளி ஓடி வந்தார். “வந்துருச்சா? பிரிண்ட் குடுங்க மேடம், லாரிக்காரன் நிக்கறான்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் தடுமாறுவீர்கள். சம்பளம் கொடுக்கிறவர் எதிரில் நிற்கிறார். அவர் கேட்கிற காகிதம் திரையிலேயே தெரிகிறது. ஒரு பட்டனை அழுத்தினால் அவர் முகம் மலர்ந்துவிடும். காலையிலிருந்து வாங்கிய வசவுக்கு அந்த மலர்ச்சி வேண்டும் போல நமக்கும் இருக்கும்.

“இல்லீங்க தம்பி. மொதல்ல நகல் எடுத்தறேன். அது முடியற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாதுங்க” என்றேன்.

“மேடம், உங்களுக்குப் புரியுதா இல்லையா? கப்பல் போயிரும்!”

“புரியுதுங்க. இது பாதியில நின்னுதுன்னா கப்பலும் போயிரும், மிச்சமும் போயிரும். என்னைய நாளைக்குத் திட்டுங்க.”

அவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனார். டிஸ்க்கைக் கீழே வைக்கவும் பயம். அதைக் கையில் ஏந்தியபடியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரிய முதலாளி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரமாகும், எத்தனை முடிந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பொரி இலையைத் தன் பக்கம் நகர்த்தி, அதில் கொஞ்சம் அந்தோணிக்குக் கொடுத்தார். அவனும் வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் பேசாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருமுறை உறுமல் லேசாகக் கமறியபோது மூன்று பேருக்கும் சேர்ந்து மூச்சு நின்றது. பிறகு தானாகச் சரியானது.

நகல் முடிந்தது. இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து சரிபார்த்துவிட்டு, அங்கிருந்தே பிரிண்ட் கொடுத்தேன். தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது சின்ன முதலாளி பிள்ளை மாதிரி அங்கேயே நின்று பொறுக்கிக்கொண்டார். வெயில் தாழ்வதற்குள் லாரி கேட்டைத் தாண்டியது.

லாரி போனதும் எல்லோரும் பெரியவர் அறையில் கூடினோம். நான், சின்னவர், மேனேஜர். அந்தோணி வாசலில் நின்றான். காலையில் கேட்ட கேள்வியைச் சின்னவர் மறக்கவில்லை.

“இப்பச் சொல்லுங்க. யாரு?”

எனக்கு முன்னால் மேனேஜர் முந்திக்கொண்டார். “நம்ம அந்தோணிதானுங்க. அவங்களுக்கு நம்ம பூஜையப் பத்தி என்னங் தெரியும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காலையிலிருந்து சேர்ந்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. “நம்ம பூஜையில என்ன பண்ணோணுமோ அத ஒண்ணு விடாமப் பண்ணுனவன் அவன் ஒருத்தன்தானுங்க” என்றேன். “எல்லா மிஷினையும் நிறுத்தோணும்னு எல்லாரும் சொல்லிக் குடுத்திருக்கோம். இத மட்டும் நிறுத்தாதேன்னு ஒருத்தர் சொல்லலை. தெரிஞ்ச நமக்குச் சொல்லத் தோணலை, தெரியாத அவன் என்ன பண்ணுவான்? வாங்க, வந்து அதோட பின்பக்கத்தப் பாருங்க. அலட்சியமா இருக்கறவன் செய்யற வேலையா அதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க.”

குரல் அதிகமாகத்தான் போய்விட்டது. சின்னவர் என்னைப் பார்த்தார். அந்தக் கம்பெனியில் நான் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கேண்டீன் கிரைண்டர்காரர் ஒருவரைத் தவிர.

பெரியவர் அந்தோணியை உள்ளே கூப்பிட்டார்.

“ஏஞ்சாமி, மிஷின நிறுத்தறப்ப என்ன நெனச்ச?”

அந்தோணி தரையைப் பார்த்தபடி சொன்னான். “இதுவும் வருசமெல்லாம் நிக்காம ஓடுதே, ஒருநா கெடக்கட்டும்னு நெனச்சேன்யா.”

பெரியவர் மகனிடம் சொன்னார். “நான் நாப்பது வருஷமாச் சொல்லிட்டு இருக்கறதத்தானப்பா இவன் செஞ்சிருக்கறான். ரூமக் காலி பண்ணோணும்னா மொதல்ல நாந்தான் பண்ணோணும்.”

சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் இறங்க அவருக்கு நேரம் வேண்டியிருந்தது. திரும்பியபோது, “சாப்ட்டியா அந்தோணி?” என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள்.

புது டிஸ்க்குக்கு ஆர்டர் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பசியே அப்போதுதான் தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தோணி படிக்கட்டில் காத்திருந்தான்.

“எக்கா, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. காலம்பற சத்தம் போட்டது அவளுக்குக் கேட்டிருக்கும். நாஞ் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க.”

வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை இழுத்து வந்தேன். சர்வர் எழுந்ததும் முதலாளிக்குச் சொல்வோம், மேனேஜருக்குச் சொல்வோம், பையருக்கு மெயில் போடுவோம். அந்தக் கோளாறில் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு மூலையில் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார். அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். மெயில் அவருக்குப் போகாது. நீங்கள்தான் எழுந்து நடந்து போக வேண்டும். அதைச் செய்து முடிக்கிற வரைக்கும் உங்கள் வேலை முடியவில்லை.

பேக்கிங் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவர் வெறுமையாக இருந்தது. மாட்டியிருந்த மாதா படம் இல்லை, காலண்டர் இல்லை, அடுப்படியில் ஒரு பாத்திரம் இல்லை. நடுவில் மூன்று மூட்டைகள். எல்லாவற்றையும் பனியன் துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பெரிய மூட்டையின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சீருடை போட்டிருந்தது. நல்ல துணி என்று அதைத்தான் போட்டுவிட்டிருக்கிறாள். யாரும் அவர்களை இன்னும் போகச் சொல்லவில்லை. ஸ்டெல்லா காலையிலேயே கட்டி முடித்துவிட்டாள். இந்த முறை யாரும் வந்து எடுத்து வெளியே வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள்.

“ஸ்டெல்லா, எங்கயும் போக வேண்டாம் கண்ணு. எல்லாஞ் சரியாப் போச்சு. பெரியவரே சொல்லிட்டாரு” என்றேன்.

அவள் என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “நெசமாவாக்கா?” என்றாள். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. குழந்தையை இறக்கிவிட்டு மூட்டை முன்னால் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். நானும் உட்கார்ந்தேன். பனியன் நாடாவில் போட்ட முடிச்சு உங்களுக்குத் தெரியும், இழுக்க இழுக்க இறுகும். நகத்தால் கிள்ளிப் பார்த்தோம். பல்லால் கடித்துப் பார்த்தாள். அசையவில்லை. அந்தோணி அவசரமாக ஷெட்டுக்குப் போய் நூல் வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்தான்.

ஸ்டெல்லா நாடாவின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“வெட்டாண்டாம்க்கா. அடுத்த தடவ மூட்ட கட்டுததுக்கு வேணும்லா.”

நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தோணியிடமிருந்து கத்தரியை வாங்கி முதல் மூட்டையின் நாடாவை வெட்டினேன். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. திரும்ப ஒன்றாகச் சேர்த்துக் கட்ட முடியாதபடி அத்தனையையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் போட்டேன். அப்போதுதான் அவள் அழுதாள்.